நெல்லுக்கு எழுவாய் இல்லை

2025 ஜனவரியில் தமிழக அரசு 'இரும்பின் தொன்மை' என்ற அறிக்கையை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, தமிழ் நிலத்தில் இரும்பின் பயன்பாடு கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது என்று அது சொன்னது. அடுத்த மாதமே, திண்டுக்கல்லில் நான் தமிழ் கற்பிக்கும் பெண்கள் கல்லூரியில் அதையே தலைப்பாக்கிப் பேச்சுப் போட்டி வைத்தோம்.

நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி தன் பேச்சை எழுதிக் கொண்டுவந்து திருத்தித் தரச் சொன்னாள். "தமிழன் இரும்பை உருக்கினான். தமிழன் வாள் வடித்தான். தமிழன் உலகுக்கு வழிகாட்டினான்." நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் நம் மாவட்டத்தையும் சேர்க்க வேண்டும் என்று பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலைப் பற்றி ஒரு பத்தி. "அங்கே நெல் கண்டெடுக்கப்பட்டது. அது ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது."

நான்கு ஒற்றுப்பிழைகளைத் திருத்தி, 'அருமை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, பேருந்தில் போகும்போதுதான் உறைத்தது. இரும்புக்கு எழுவாய் இருக்கிறது. நெல்லுக்கு இல்லை. இரும்பைத் தமிழன் உருக்கினான். நெல் யாராலும் விதைக்கப்படவில்லை, அறுக்கப்படவில்லை, குத்தப்படவில்லை. அது கண்டெடுக்கப்பட மட்டும் செய்தது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. நாம் கொடுத்த வாக்கியங்களைத்தான் அவள் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அறிவியல் செய்திகளை நான் இலக்கண ஆசிரியையாகவே படிக்கிறேன். தொல்லியல், மரபணு, எலும்பாய்வு என்று எதைப் பற்றிய கட்டுரையானாலும் முதலில் தேடுவது எழுவாயை. செய்தவர் யார் என்று சொல்லியிருக்கிறார்களா? சொல்லியிருந்தால் அது ஆதாரத்திலிருந்து வந்ததா, பழக்கத்திலிருந்து வந்ததா?

தமிழில் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவே முடியாது. ஆங்கிலத்தில் வினைச்சொல் பால் காட்டாது. நம் வினைமுற்று காட்டும். வேட்டையாடினான், வேட்டையாடினாள், வேட்டையாடினார்கள் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். 'ஆதிமனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான்' என்று எழுதும்போது நாம் இரண்டு முறை அந்த மனிதரை ஆணாக்குகிறோம், பெயரில் ஒரு முறை, வினையில் ஒரு முறை. பலர்பால் என்ற அழகான வசதி இதே மொழியில் இருக்கிறது. 'ஆதிமனிதர்கள் கண்டுபிடித்தார்கள்' என்று எழுதுவதற்குப் புதுச் சொல் எதையும் உருவாக்க வேண்டியதில்லை. ஆண் செய்ததாக நினைத்தால் செய்வினை, பெண்ணின் வேலையாகத் தோன்றினால் செயப்பாட்டு வினை என்று ஒரு வழக்கத்தை வளர்த்து வைத்திருக்கிறோம். 'வாள் செய்தான்', ஆனால் 'உணவு சமைக்கப்பட்டது'.

பொருந்தலுக்கு வருகிறேன். பழனிக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009, 2010 ஆண்டுகளில் அங்கே அகழாய்வு நடந்தது. ஈமச்சின்னம் ஒன்றில் நான்கு கால் சாடி கிடைத்தது. அதற்குள் ஏறக்குறைய 2 கிலோ நெல். அதே ஈமச்சின்னத்தில் 'வய்ர' என்ற தமிழ்ப் பிராமி எழுத்துகள் பொறித்த பிரிமனையும் இருந்தது. நெல்மணிகளைக் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள். கி.மு. 490 என்று முடிவு வந்தது. நெல்லுக்கு அந்த வயது என்றால் கூடவே இருந்த எழுத்துக்கும் அந்த வயது. அசோகர் காலத்துக்கு முன்பே இங்கே எழுத்து இருந்தது என்ற வாதத்துக்குப் பெரிய ஆதாரமாகப் பொருந்தல் ஆனது. இதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. விவாதம் இன்னும் முடியவில்லை.

அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. என் கவலை நெல்லைப் பற்றியது. இத்தனை ஆண்டுகளாகப் பொருந்தலைப் பற்றிப் படித்தவற்றில் நெல் ஒரு சாட்சியாகத்தான் வருகிறது. எழுத்தின் வயதைச் சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கிப் போய்விடுகிறது. அதன் சொந்தக் கதையை யாரும் கேட்பதில்லை.

காலக்கணிப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இது இன்னும் உறுத்தும். உயிருள்ள செடி காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்கிறது. அதில் மிகச் சிறு பங்கு கார்பன்-14 என்னும் கதிரியக்க வகை. செடி இறந்ததும் புதிதாக எடுப்பது நின்றுவிடும். உள்ளே இருப்பது மெல்லச் சிதையும். 5,730 ஆண்டுகளில் பாதியாகும். எவ்வளவு மிச்சம் என்று எண்ணினால் இறந்த காலம் தெரியும். முடுக்கி நிறமாலைமானி என்னும் கருவி வந்த பிறகு இதற்குச் சில மில்லிகிராம் போதும், ஒரு நெல்மணி அளவே தாராளம். ஆனால் அந்த மணியை எரித்து வாயுவாக்கி, பிறகு கிராஃபைட்டாக மாற்ற வேண்டும். ஆண்டு கிடைக்கும், மணி போய்விடும்.

மரக்கரியைவிட நெல்லை ஆய்வாளர்கள் விரும்புவதற்கும் காரணம் உண்டு. மரம் நூறு, இருநூறு ஆண்டு வாழ்ந்திருக்கலாம். அதன் உள்வயிரத்துக் கரி, அதை வெட்டி எரித்த நாளைவிடப் பல தலைமுறை பழையதாக இருக்கக்கூடும். நெல் அப்படியல்ல. அது ஒரே போகத்தில் முளைத்து, கதிர்விட்டு, அறுபடும் பயிர். எனவே நெல் தருவது ஓர் அறுவடையின் காலம். அறுவடை என்றால் அதற்கு முன்னால் விதை ஒதுக்கியவர், நாற்று விட்டவர் அல்லது விதை தெளித்தவர், களை பறித்தவர், அறுத்து அடித்துத் தூற்றியவர் என்று ஒரு வரிசை ஆட்கள். விஞ்ஞானத்துக்கு நம்பகமான தேதியைக் கொடுத்ததே அவர்களுடைய அந்த ஒரு போகத்து உழைப்புதான்.

பிரிமனையையும் கொஞ்சம் பாருங்கள். பானை உருளாமல் இருக்க அடியில் வைப்பது. என் அம்மாச்சி வைக்கோலில் முறுக்கிச் செய்வாள். பொருந்தலில் கிடைத்தது சுட்ட மண்ணால் ஆனது. தமிழ் எழுத்தின் தொன்மைக்கு நாம் காட்டும் பெருமைமிக்க ஆதாரங்களில் ஒன்று, பானையும் சாடியும் வைக்கிற ஒரு பொருளின் மேல் எழுதியிருக்கிறது. அதை எழுதியவர் பெண் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் 'எழுதினான்' என்பதற்கும் அதே அளவுதான் ஆதாரம்.

2025 ஜூனில் இன்னொரு செய்தி வந்தது. கீழடிக்குப் பக்கத்திலுள்ள கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தினரும் முகங்களை மீட்டுருவாக்கியிருந்தார்கள். கணினித் திரையில் இரண்டு முகங்கள் நம்மைப் பார்த்தன. இரண்டும் ஆண்கள்.

இதில் ஆய்வாளர்களின் தவறு எதுவுமில்லை. நம் வெப்பத்திலும் மண்ணிலும் எலும்பு நிலைப்பதே அரிது. எந்த மண்டையோடு முழுசாகக் கிடைக்கும் என்பது தற்செயல். என் பிரச்சினை அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. 'கொந்தகையில் புதைக்கப்பட்ட இரண்டு ஆண்களின் முகங்கள்' என்பது அறிவியல். அதைப் 'பழந்தமிழரின் முகம்' என்று பகிர்வது வேறு. கல்லூரி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் நாலைந்து முறை வந்தது. இரண்டு பெண் மண்டையோடுகள் கிடைத்து, இரண்டு பெண் முகங்கள் வந்திருந்தால், அவற்றைப் 'பழந்தமிழரின் முகம்' என்று பகிர்ந்திருப்போமா, 'பழந்தமிழ்ப் பெண்ணின் முகம்' என்று பகிர்ந்திருப்போமா? பதில் உங்களுக்கும் தெரியும். ஆணின் முகம் இனத்தின் முகமாகிறது. பெண்ணின் முகம் பெண்ணின் முகமாகவே நின்றுவிடுகிறது.

இந்தப் பழக்கத்தை அறிவியலே உடைக்கத் தொடங்கியிருக்கிறது என்பதுதான் எனக்கு நம்பிக்கை தரும் சேதி. ஸ்பெயினில் செவில் நகருக்கு அருகே வலென்சினா என்ற இடத்தில் 2008இல் ஒரு கல்லறை கிடைத்தது. ஏறக்குறைய 5,000 ஆண்டு பழையது. யானைத் தந்தம், படிகக் கத்தி என்று அந்தக் காலத்தில் அங்கே வேறு யாருக்கும் வைக்காத செல்வம். எலும்புகள் சிதைந்திருந்தன. இடுப்பெலும்பைப் பார்த்து இளம் ஆணாக இருக்கலாம் என்றார்கள். 'தந்த மனிதன்' என்று பெயரும் வைத்தார்கள். 2023இல் பல் எனாமலைச் சோதித்தார்கள். எனாமலில் அமெலோஜெனின் என்ற புரதம் உண்டு. அதன் ஒரு வடிவத்தை எக்ஸ் குரோமோசோமும் இன்னொன்றை ஒய் குரோமோசோமும் உண்டாக்குகின்றன. அந்தப் பல்லில் எக்ஸ் வடிவம் மட்டுமே இருந்தது. 'தந்த மனிதன்' பெண் என்று தெரிந்தது. பதினைந்து ஆண்டுகள் அவளை 'அவன்' என்று எழுதியிருந்தார்கள்.

எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எலும்பும் மரபணுவும் அழிந்த இடத்திலும் பல் மிஞ்சும். நம் ஊர்ப் பானைகளுக்குள்ளும் பற்கள் இருக்கின்றன. ஆகவே, செல்வமும் வாளும் கூட இருந்தால் ஆண், மணியும் வளையலும் இருந்தால் பெண் என்று ஊகிக்கிற காலம் முடிய வேண்டும்.

இன்னொரு ஆய்வு என்னை அதிகம் உலுக்கியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அலிசன் மாக்கின்டோஷும் கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்டது. மத்திய ஐரோப்பாவில் முதன்முதலாக வேளாண்மை செய்த காலத்துப் பெண்களின் எலும்புகளை இன்றைய பெண்களின் எலும்புகளோடு ஒப்பிட்டார்கள். கேம்பிரிட்ஜின் துடுப்புப் படகு வீராங்கனைகளும் அதில் உண்டு. வாரத்துக்குப் பல நாள் கடும் பயிற்சி எடுப்பவர்கள் அவர்கள். அப்படியிருந்தும், ஏழாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த உழவுப் பெண்களின் மேற்கை எலும்பு அந்த வீராங்கனைகளின் எலும்பைவிட 11 முதல் 16 சதவீதம் வலுவாக இருந்தது. நிலத்தைக் கொத்துவது, அறுப்பது, தானியம் அரைப்பது போன்ற அன்றாட வேலைகள்தான் காரணமாக இருக்கும் என்றார்கள்.

இது ஏன் இத்தனை காலம் தெரியவில்லை? அதற்கு முன்பு பழங்காலப் பெண்களின் எலும்பைப் பழங்கால ஆண்களின் எலும்போடு ஒப்பிட்டே அளந்தார்கள். பாரத்துக்கு ஆணின் எலும்பு வெளிப்படையாக மாறும் அளவுக்குப் பெண்ணின் எலும்பு மாறாது. அந்த அளவுகோலில் பெண்கள் லேசான வேலை செய்தவர்களாகத் தெரிந்தார்கள். பெண்ணைப் பெண்ணோடு ஒப்பிட்டதும் உழைப்பு வெளியே வந்தது. எலும்புகள் மாறவில்லை, கேள்விதான் மாறியது. பெண்ணிய விமர்சனம் அறிவியலுக்கு வெளியே நின்று கூச்சல் போடுகிறது என்பவர்களுக்கு இந்த ஒரு ஆய்வைக் காட்டினால் போதும்.

பெருமை பேசி இங்கேயே நிறுத்திவிடலாம். நிறுத்தக் கூடாது. சிரியாவின் அபு ஹுரைராவில் கிடைத்த எலும்புகளைத் தேயா மோலேசன் ஆராய்ந்தார். கால் பெருவிரல் மூட்டுத் தேய்ந்து, முழங்காலும் கீழ்முதுகும் பாதிக்கப்பட்டிருந்தன. மண்டியிட்டு, கால்விரலை ஊன்றி, முன்னும் பின்னும் ஆடி மணிக்கணக்கில் கல்லில் தானியம் அரைத்ததன் தடயம் அது என்று கண்டார். அவை பெரும்பாலும் பெண்களின் எலும்புகள். வேளாண்மையைப் பெண்கள் கண்டுபிடித்தார்கள் என்று மேடையில் சொன்னால் கைதட்டு கிடைக்கும். அந்தக் கண்டுபிடிப்பின் விலையை அவர்களின் முழங்கால் கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எங்கள் அம்மாச்சி உலக்கை பிடித்த கையைப் பற்றி நான் கவிதை எழுதியதுண்டு. கடைசி ஆறு வருடம் அவளால் அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. அதைக் கவிதையில் எழுதவில்லை.

நமக்குப் பிடித்த செய்தி என்பதற்காக எதையும் விழுங்கிவிடக் கூடாது என்பதும் முக்கியம். 2023இல் ஓர் ஆய்வு வந்தது. வேட்டையாடி உணவு சேகரிக்கும் 63 சமூகங்களைப் பற்றிய பதிவுகளில் 50இல் பெண்களும் வேட்டையாடியதாகத் தெரிகிறது என்றது. நானும் மகிழ்ந்து வகுப்பில் சொன்னேன். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதைக் கேள்வி கேட்டார்கள். சமூகங்களைத் தேர்ந்த முறையிலும், எப்போதோ நடந்ததையும் அடிக்கடி நடந்ததையும் ஒன்றாக எண்ணியதிலும் குறைகள் இருக்கின்றன என்றார்கள். பெண்கள் வேட்டையாடவே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. எண்ணிக்கையை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். அதையும் வகுப்பில் சொன்னேன். சில மாணவிகளுக்கு ஏமாற்றம். ஆனால் 'அவன்' என்பதற்கு ஆதாரம் கேட்கிற நாம் 'அவள்' என்பதற்கும் கேட்கத்தான் வேண்டும்.

பொருந்தல் விஷயத்திலும் அப்படித்தான். அந்தச் சாடியில் நெல்லை நிரப்பியது பெண்ணா ஆணா என்று சொல்ல முடியாது. புதைக்கப்பட்டவரும் விதைத்தவரும் ஒருவராக இருந்திருக்க வேண்டியதும் இல்லை. அந்த ஈமச்சின்னத்தில் ஆயிரக்கணக்கான மணிகள் இருந்தன. அவ்வளவு வைத்துப் புதைக்கப்படுகிறவர் களை பறித்திருப்பாரா? ஊரில் பெரியவருக்கு மரியாதை செய்ய வேறு யாருடைய உழைப்போ சாடியில் போயிருக்கலாம். 'தமிழன்' என்ற ஒற்றைச் சொல் பெண்ணை மட்டும் மறைக்கவில்லை. யார் நிலம், யார் கூலி என்ற கேள்வியையும் மறைக்கிறது. இன்றைக்கும் நடவுக்கும் களைக்கும் குனிபவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத பெண்கள், அதிலும் தலித் பெண்கள் அதிகம். அகழாய்வுக் களங்களிலும் பாருங்கள். கூடையில் மண் சுமப்பதும், பானை ஓடுகளைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுவதும் பல இடங்களில் அந்தந்த ஊர்ப் பெண்கள். அறிக்கை வரும்போது ஓடுகள் 'சுத்தம் செய்யப்பட்டன' என்று இருக்கும். மறுபடியும் அதே செயப்பாட்டு வினை.

போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்த மாணவியையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கும், அங்கிருந்து பொருந்தலுக்கும் போனேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கிடைத்ததை எடுத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டார்கள். பக்கத்து வயலில் ஐந்தாறு பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தோம். சாடியில் நெல் கிடைத்ததைச் சொன்னதும் ஓர் அம்மா உடனே கேட்டார்.

"வெதநெல்லா, சாப்பாட்டு நெல்லா த்தா?"

நான் திகைத்துப் போனேன். இத்தனை கட்டுரை படித்தும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. இறந்தவருக்குச் சாப்பிட வைத்ததா, அடுத்த போகத்துக்கு விதைக்க வைத்ததா? இரண்டும் வேறு வேறு நம்பிக்கை.

"எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?" என்று மாணவி கேட்டாள்.

"வெதைக்கின்னா முத்துன கதிராப் பாத்து தனியா ஒதுக்குவோம். நல்லாக் காயணும். பல்லுல கடிச்சா டக்குனு ஒடையணும். பதர் ஒண்ணு ரெண்டு கூட இருக்கக் கூடாது."

திரும்பி வரும் பேருந்தில் மாணவி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "எங்கம்மா விடிகாலை நாலு மணிக்கு மல்லி எடுக்கப் போறாங்க மேடம். மொட்டப் பாத்தே இன்னைக்கு விரியுமா நாளைக்கான்னு சொல்லிருவாங்க. அத நான் அறிவுன்னு நெனச்சதே இல்ல."

அவள் பேச்சை மாற்றி எழுதினாள். 'தமிழன்' எல்லாம் 'தமிழர்' ஆனது. பொருந்தல் கடைசிப் பத்தியிலிருந்து முதல் பத்திக்கு வந்தது. மேடையில் அவள் இப்படிச் சொன்னாள்: "அந்த நெல்லை யார் விளைவித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. தெரியாததால் அவன் என்றும் சொல்ல மாட்டேன், அவள் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் யாரோ விளைவித்தார்கள். அது தானாக விளையவில்லை."

பரிசு கிடைக்கவில்லை. நடுவர்களில் ஒருவர் பிறகு என்னிடம், "நல்லாப் பேசுச்சு பொண்ணு. ஆனா தமிழன்னு கம்பீரமாச் சொல்லியிருந்தா எடுபட்டிருக்கும்" என்றார். அவர் நல்ல மனிதர். அவருக்கும் நாங்கள்தான் பாடம் எடுத்தோம்.

நான் என் வேலையை இப்போது கொஞ்சம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாணவிகள் கொண்டுவரும் அறிவியல் கட்டுரைகளில் ஒற்றுப்பிழைக்கு முன்னால் வினைமுற்றுகளுக்குக் கோடு போடுகிறேன். 'ஆன்' என்று முடிந்தால் பக்கத்தில் 'ஆதாரம்?' என்று எழுதுகிறேன். 'பட்டது' என்று முடிந்தால் 'யாரால்?' என்று எழுதுகிறேன். இதைப் படிக்கும் நீங்களும் உங்கள் ஊர் அகழாய்வுச் செய்தி ஒன்றை எடுத்து, ஒரு பென்சிலோடு உட்கார்ந்து பாருங்கள். சிவகளையிலும் தாழிக்குள் நெல் இருந்தது. 3,200 ஆண்டு பழைய நெல் என்று 2021இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். அது விதைநெல்லா சாப்பாட்டு நெல்லா என்று அந்த வயல் அம்மா கேட்டதைத் தொல்லியலாளர் யாரையாவது சந்தித்தால் கேட்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.